சுவரில் அசல், பெட்டியில் அச்சு

பாரஸ், கட்டந்துவானஸ் தீவு
1991 பிப்ரவரி 12

அன்புள்ள தம்பி கிறிசாந்தோவுக்கு,

நானும் என் முட்டிவலியும் சேர்ந்தே சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் எடித்தாவும் சுகம்தானா? மணிலாவின் புகையில் உன் இருமல் எப்படி இருக்கிறது என்று எழுது.

நீ கேட்டபடி, என் படத்தை அச்சடிக்க வைத்திருக்கும் நூற்றைம்பது வெற்றுத் தாள்களின் அடியிலும் பென்சிலால் 'ஆபுண்டோ' என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போயிற்று. அச்சாகி வந்த பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்து, நிறம் சரியாக இருந்தால் போட வேண்டிய கையெழுத்து அது. அது எனக்குத் தெரியாதா? ஆனால் போன முறை வந்தபோது, "அச்சடிச்சு உனக்குக் கப்பல்ல அனுப்பி, நீ திருப்பி அனுப்பி... பாதி நனைஞ்சு அப்பளமாயிடும்க்கா. முதல்லயே போட்டுக் குடுத்துரு" என்று கெஞ்சினாய். என் தம்பிதானே என்று போட்டுவிட்டேன்.

படத்தையும் பலகைப் பெட்டியில் வைத்து அனுப்புகிறேன். இது விற்பதற்கு இல்லை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கழுத்தளவு வெள்ளத்தில் இரண்டு தலை. கீழே இருப்பது நான், என் பிடரியில் இருப்பது நீ. பன்னிரண்டு தடவை வரைந்து கிழித்துப் போட்டுப் பதிமூன்றாவதாக வந்த படம். அந்தத் தண்ணீரின் நிறம் எனக்கு இன்னொரு தடவை கைகூடாது. போட்டோ எடுத்துக்கொண்டு, புனித வாரத்துக்குள் திருப்பி அனுப்பிவிடு. மாட்டியிருந்த ஆணி சுவரில் அப்படியே இருக்கிறது.

உன் பெண்டாட்டிக்குக் கொஞ்சம் கருவாடு வைத்திருக்கிறேன். நீ அதில் பங்குக்குப் போகாதே.

உன் அக்கா,
பெர்பெத்துவா

*

கியாப்போ, மணிலா
மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஆசீர்வாதத்தில் எல்லோரும் நலம். இருமல் போய்விட்டது. உன் முட்டிக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன், தடவிக்கொள். கருவாடு என் கண்ணில் கூடப் படவில்லை, எடித்தா எங்கோ ஒளித்துவிட்டாள்.

படம் பத்திரமாக வந்தது. என் கடை முதலாளி, படங்களுக்குச் சட்டம் போட்டே முப்பது வருஷம் ஓட்டியவர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். போட்டோ எடுத்தாகிவிட்டது. அச்சுக்கூடத்தில் மாதிரி அடித்துக் காட்டினார்கள். தண்ணீர் கொஞ்சம் பழுப்பாக வந்திருக்கிறது, சரி செய்கிறேன் என்றார்கள்.

ஒரு சிக்கல், அக்கா. ஏப்ரலில் ஓட்டல் முன்கூடத்தில் ஒன்பது நாள் ஓவியக் கண்காட்சி நடக்கிறதல்லவா, அங்கே ஒரு விதி வைத்திருக்கிறார்கள். சுவரில் அசல் மட்டும்தான் மாட்டலாம். அச்சுப்படத்தைக் கீழே பெட்டியில் வைத்துத்தான் விற்க வேண்டும். அசல் சுவரில் இல்லாத படத்துக்கு அச்சு விற்கவே கூடாது. போலிகள் பெருகிவிட்டதால் இந்தக் கெடுபிடி. அதனால் உன் படம் ஏப்ரல் முடியும் வரை இங்கே இருந்தாக வேண்டும். ஓவியர்கள் அவரவர் கடையில் நிற்க வேண்டும் என்றும் ஏதோ இருக்கிறது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மே முதல் வாரம் படம் உன் ஆணியில் தொங்கும்.

உன் தம்பி,
கிறிசாந்தோ

*

பாரஸ்
மார்ச் 19

அன்புள்ள தம்பிக்கு,

தைலம் வந்தது. முட்டி எரிகிறது, வலியும் இருக்கிறது. உனக்கும் எடித்தாவுக்கும் உடம்பு நன்றாக இருக்கட்டும்.

புனித வாரம் என்று சொன்னது மே மாதம் ஆகிவிட்டது. விதி என்கிறாய், சரி, தொலையட்டும். ஆனால் படத்தின் பக்கத்தில் 'விற்பனைக்கு இல்லை' என்று கொட்டை எழுத்தில் ஒட்டு. கண் தெரியாதவனுக்கும் தெரிய வேண்டும்.

ஓவியர் நிற்க வேண்டும் என்கிறார்களே, நான்தான் வந்து நிற்கிறேனே? கிடங்கில் அபாகா நாரை எடை போட ஆரம்பித்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது, ஒரு வாரம் லீவு தரமாட்டார்களா? எனக்கும் ஜனங்கள் என் படத்தின் முன்னால் நிற்பதைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. வீராக் துறையில் கப்பல் ஏறி, அக்கரையில் பஸ் பிடித்தால் மறுநாள் மணிலா. எங்கே வந்து இறங்க வேண்டும் என்று எழுது.

அக்கா,
பெர்பெத்துவா

*

மணிலா
ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தானே? நாங்கள் இருவரும் கடவுள் புண்ணியத்தில் நலம்.

உன் கடிதம் மிகவும் தாமதமாகக் கிடைத்தது, அதற்குள் கண்காட்சி தொடங்கிவிட்டது. நீ வராததும் நல்லதுக்குத்தான். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஒண்டுக்குடித்தன வீட்டில் உன்னை எங்கே படுக்க வைப்பேன்? பஸ்ஸில் பன்னிரண்டு மணி நேரம் உன் முட்டி தாங்காது.

அச்சுப்படம் நன்றாகப் போகிறது, அக்கா. நீ இங்கே வரும் ஆட்களின் பேச்சைக் கேட்க வேண்டுமே! ஒரு அம்மாள் பெட்டியிலிருந்து ஒன்றை உருவி, "இது நிஜமா, அச்சா?" என்றாள். "அச்சுதாம்மா. ஆனா கையெழுத்து நிஜம்" என்றேன். "அப்போ பாதி நிஜம்" என்று வாங்கிக்கொண்டாள். இன்னொருத்தன், "எங்க சோபா பச்சை. பச்சைத் தண்ணியா ஒண்ணு இருக்கா?" என்கிறான். வெள்ளத்தையே சோபாவுக்குப் பொருத்தம் பார்க்கிற ஊர் இது.

எல்லோரும் அசலின் முன்னால் நின்றுதான் போகிறார்கள். விலை கேட்கிறார்கள். சொல்லிப் பார்க்கிறேன்.

அவசரமாக எழுதுகிறேன், மன்னித்துக்கொள்.

கிறிசாந்தோ

*

பாரஸ்
மே 27

தம்பிக்கு,

நான் நலம். நீ நலமா என்று இது மூன்றாவது கடிதமாகக் கேட்கிறேன். முந்தைய இரண்டுக்கும் பதில் இல்லை.

கண்காட்சி முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. தபால்காரன் என்னைக் கண்டால் இப்போதெல்லாம் தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டுகிறான். படம் எங்கே? 'சொல்லிப் பார்க்கிறேன்' என்று எழுதியிருந்தாயே, விலை கேட்கிறவர்களிடம் சொல்லிப் பார்க்க என்ன இருக்கிறது? இல்லை என்பது ஒரே வார்த்தை.

வெள்ளை வண்ணமும் நீலமும் தீர்ந்துவிட்டன. இந்தத் தீவில் கிடைக்காது. படத்தோடு இரண்டிரண்டு குழாய் சேர்த்து அனுப்பு. படம் இல்லாமல் குழாய் மட்டும் வந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும், சொல்லிவிட்டேன்.

எடித்தாவைக் கேட்டதாகச் சொல்.

பெர்பெத்துவா

*

மணிலா
ஜூன் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம், அதுவே பெரிது. பினாட்டுபோ மலை வெடித்தது உங்கள் ரேடியோவிலும் வந்திருக்கும். மணிலாவிலேயே கூரையெல்லாம் சாம்பல், சோற்றிலும் சாம்பல். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டுதான் நடமாடுகிறோம். நீ அங்கே நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

இந்த நேரத்தில் படத்தைப் பஸ்ஸில் ஏற்றினால் என்ன ஆகும் என்று நீயே யோசி. நீர்வண்ணத்தில் சாம்பல் பட்டால் போயிற்று. பத்திரமாகச் சுற்றி வைத்திருக்கிறேன், கவலைப்படாதே.

வண்ணக் குழாய்களை எடித்தா கட்டி அனுப்பியிருக்கிறாள். விற்பனைக்கு வைத்த அச்செல்லாம் தீர்ந்துவிட்டது! இன்னும் நூறு தாள் இதோடு வருகிறது. கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு.

உன் தம்பி,
கிறிசாந்தோ

*

பாரஸ்
ஜூலை 13

கிறிசாந்தோ,

இந்தக் கடிதத்தில் சுகம் விசாரிக்கப் போவதில்லை.

குழாய்கள் வந்தன. எடித்தா அவற்றைச் செய்தித்தாளில் சுற்றியிருந்தாள். பிரித்தேன். அந்தத் தாளில் என் படம் இருந்தது. அதன் முன்னால் தொப்பி போட்டுக்கொண்டு, கையில் தூரிகையோடு நீ நின்றுகொண்டிருந்தாய். அடியில் 'ஓவியர் கிறிசாந்தோ ஆபுண்டோ' என்று போட்டிருந்தது.

முதலில் பத்திரிகைக்காரன் பிசகி எழுதிவிட்டான் என்றுதான் நினைத்தேன். என் புத்தி அப்படி. அப்புறம் பேட்டியைப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். கிடங்கில் போய்த் தராசின் முன்னால் உட்கார்ந்தும் படித்தேன், அன்றைக்கு நிறுத்தது எல்லாம் தப்பு.

"எனக்கு அப்போ பதினாலு வயசு. தங்கச்சிக்கு நாலு. கழுத்து வரைக்கும் தண்ணி. அவளைத் தோள்ல தூக்கிட்டு மாதா கோயில் வரைக்கும் நடந்தேன். அந்தத் தண்ணி இன்னும் என் கண்ணுக்குள்ளயே நிக்குது."

யாருடா உன் தங்கச்சி? அக்காவைத் தங்கச்சி ஆக்கிவிட்டாயே, அடுத்து என்ன, உன்னைப் பெற்றவளையும் நீயே பெற்றாய் என்பாயா?

அன்றைக்கு நடந்ததை நான் சொல்கிறேன், கேட்டுக்கொள். அம்மா சந்தையில் மாட்டிக்கொண்டாள். அப்பா ஊரில் இல்லை. பதினாலு வயது எனக்கு. பேன் விழுந்ததென்று அந்த வாரம்தான் என் தலையை மொட்டையடித்திருந்தார்கள். அதனால்தான் படத்தில் நான் பையன் மாதிரி இருக்கிறேன். உன் துணியெல்லாம் தண்ணீரில் போய், என் பழைய கவுனை உனக்கு மாட்டியிருந்தேன். அதனால்தான் நீ பெண் மாதிரி இருக்கிறாய். பிடித்துக்கொள்ள என் தலையில் மயிர் இல்லாமல் இரண்டு காதையும் திருகிப் பிடித்தாய். வழியெல்லாம் அலறினாய். மாதா கோயில் படி ஏறும்போது என் முதுகெல்லாம் சூடாக நனைந்தது, அது மழை இல்லை. கண்ணுக்குள் நிற்கிற தண்ணீர் அதுதானா?

என் பெயரை எடுத்துக்கொண்டாய். போகட்டும் என்று சொல்லமாட்டேன், அதுவும் போகக்கூடாது. ஆனால் நான் நடந்த நடையை எப்படிடா எடுத்தாய்? ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்யும் என்னுடையது, கையும் என்னுடையது. நீ வாயை மட்டும் துடைத்துக்கொண்டு நிற்கிறாய்.

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்ட முட்டாள் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். அதுவும் வெறும் 'ஆபுண்டோ' என்று குடும்பப் பெயரை மட்டும் போட்டேன். உனக்கு எவ்வளவு சௌகரியம்! நீ அனுப்பிய நூறு தாளும் அடுப்புக்குப் போய்விட்டது. நல்ல கனமான தாள், சோறு சீக்கிரம் வெந்தது.

படத்தை அனுப்பு. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

பெர்பெத்துவா

*

பாரஸ்
ஆகஸ்ட் 9

படம் எங்கே?

பெ.

*

மணிலா
ஆகஸ்ட் 20

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

எடித்தா எழுதுகிறேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

படம் எங்களிடம் இல்லை. கண்காட்சியின் இரண்டாம் நாளே விற்றுவிட்டார். திருமதி வியாஃப்ளோர் என்று ஒரு பல் டாக்டரின் மனைவி வாங்கினார். அச்சை எடுத்து நீட்டினால், "பெட்டியில இருக்குற பேப்பர் எனக்கு எதுக்கு? உங்க கை பட்டது வேணும்" என்றார். இவர் தன் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பிறகு சரி என்றார். கண்காட்சி முடியும் வரை படம் சுவரிலேயே இருந்தது, பிறகு அவர்கள் காரில் போயிற்று.

ஓவியர் கடையில் நிற்க வேண்டும் என்ற விதிக்காக முதலில் விண்ணப்பத்தில் தன் பெயரைப் போட்டார். "ஒன்பது நாள்தானடி, யாருக்குத் தெரியப்போகுது" என்றார். மூன்றாம் நாளே தொப்பி வாங்கினார். நான் சண்டை போட்டேன். என் பேச்சு எடுபடவில்லை.

அந்தச் செய்தித்தாளைக் குழாயில் தெரியாமல் சுற்றியதாக நினைக்காதீர்கள். அதைத் தேடியெடுத்துத்தான் சுற்றினேன். ஜூலையிலேயே இதை எழுதியிருக்க வேண்டும், தைரியம் வரவில்லை.

மன்னிப்புக் கேட்கும்,
எடித்தா

*

மணிலா
செப்டம்பர் 30

அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை. எடித்தா எழுதியதைச் சொல்லிவிட்டாள். அவள் எழுதியதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை.

போன வாரம் பணத்தைப் புரட்டிக்கொண்டு வியாஃப்ளோர் அம்மாள் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். படம் என்னுடையது இல்லை, தூக்கியவன் நான் இல்லை, அந்தக் கவுன் போட்ட குழந்தைதான் நான் என்று சொன்னேன். திட்டுவாள், போலீஸைக் கூப்பிடுவாள், படத்தை மூஞ்சியில் எறிவாள் என்று நினைத்துத்தான் போனேன். அவள் கை தட்டினாள், அக்கா. "அய்யய்யோ, இது இன்னும் நல்லா இருக்கே! வர்றவங்ககிட்டல்லாம் சொல்லணுமே!" என்றாள். பணத்தை நீட்டினேன். "இப்போ ரெண்டு மடங்கு குடுத்தாலும் தரமாட்டேன்" என்றாள். உள்ளேயிருந்து அவள் தங்கையைக் கூப்பிட்டு, என்னையும் படத்தையும் மாறி மாறிக் காட்டினாள். படம் இனி வராது.

அவள் சொல்லித்தான் கண்காட்சிக் குழுவுக்கும் தெரிந்தது. இனி அந்தப் பக்கம் தலை காட்டாதே என்று ஓலை அனுப்பிவிட்டார்கள். கடை முதலாளி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உனக்குத் திருப்திதானே?

இப்போது என்னைக் கொஞ்சம் பேச விடு. நாற்பத்து மூன்று வயதாகிறது எனக்கு. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த வெள்ளத்தைச் சாப்பாட்டோடு போட்டுத்தான் தின்றிருக்கிறேன். மீன் முள்ளைத் துப்பினால், "இதுக்காடா உன்னைத் தூக்கிட்டு வந்தேன்?" பரீட்சையில் தோற்றால், "அன்னைக்கே தண்ணியில விட்டிருக்கலாம்." என் கல்யாணப் பந்தியில் கூட எழுந்து நின்று, நான் உன் முதுகை நனைத்த கதையைச் சொன்னாய். பெண் வீட்டார் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உன் பிடரியிலிருந்து நீ என்னை என்றைக்கு இறக்கிவிட்டாய்? அந்தப் பத்திரிகைக்காரன், "இதுல இருக்குறது யார் சார்?" என்று கேட்டபோது, ஒரே ஒரு தடவையாவது தூக்கினது நானாக இருக்கட்டும் என்று வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு நிறுத்த முடியவில்லை.

செய்தது தப்பு. அதை இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ மட்டும்தான் கோபப்படலாம் என்று நினைக்காதே.

விற்காமல் எனக்கென்று ஒதுக்கிய ஒரே ஒரு அச்சுப்படம் என்னிடம் இருந்தது. உன்னிடம் அது கூட இல்லையே என்று அனுப்புகிறேன்.

கிறிசாந்தோ

*

பாரஸ்
நவம்பர் 3

கிறிசாந்தோவுக்கு,

நலம்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே பதில் எழுதியிருந்தால் அந்தத் தாள் கருகியிருக்கும். மூன்று வாரம் பொறுத்தேன். கோபம் குறையவில்லை, எழுத்து மட்டும் நேராக வருகிறது.

கல்யாணப் பந்தியில் நான் அதைச் சொன்னது தப்பு. உன் கடிதத்தில் எனக்குப் பதில் தெரியாத ஒரே இடம் அதுதான். மற்ற எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது, எழுதினால் தபால்தலை போதாது.

அச்சுப்படத்தை அந்த ஆணியில் மாட்டினேன். என் படத்தை நான் பார்க்க வேண்டுமென்றால் இதைத்தான் பார்க்க வேண்டும் என்று ஆகிவிட்டது. யாரோ ஒருத்தி வீட்டில், காபி குடிக்க வருகிறவர்கள் என் தண்ணீரைப் பார்க்கிறார்கள். நான் பழுப்புக் காகிதத்தைப் பார்க்கிறேன். சரி செய்கிறேன் என்றானே உன் அச்சுக்காரன், ஒரு மண்ணும் செய்யவில்லை. மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். நான்காம் நாள் இறக்கி, மேசையில் போட்டு, நீ அனுப்பிய வெள்ளையையும் நீலத்தையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தண்ணீரிலிருந்துதான் ஆரம்பித்தேன். பழைய நிறம் வராது என்று தெரியும், வரவும் இல்லை. இது வேறு தண்ணீர். அடியில் இருந்த 'ஆபுண்டோ'வை அழித்துவிட்டு என் பெயரை முழுசாக எழுதினேன். பிறகு உன்னிடம் வந்தேன். கவுனை எடுப்பது சுலபமாக இருந்தது, தலையும் சுலபம்தான். என் காதைப் பிடித்திருந்த விரல்களுக்குத்தான் இரண்டு நாள் ஆயிற்று. அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாய். ஒவ்வொன்றாக எடுத்தேன்.

என்றைக்கு இறக்கிவிட்டாய் என்று கேட்டிருந்தாயே. அக்டோபர் இருபத்தேழு, ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு இறக்கிவிட்டேன்.

இப்போது அந்தத் தண்ணீரில் ஒரு மொட்டைத் தலைப் பெண் மட்டும் நடந்து போகிறாள். இதற்கு அச்சு கிடையாது.

எடித்தாவை உடம்பு எப்படி இருக்கிறதென்று எழுதச் சொல்.

பெர்பெத்துவா ஆபுண்டோ